வேலூருக்கு மருந்து வாங்கப் போகும் வழி: எல்லையோர மிலிட்டரிக் குடும்பத்தின் இலவசப் பஸ் அனுபவம்

சித்தூர் மாவட்டம் குடிபாலா மண்டலத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியம் என்றால் தெலுங்கு. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர். அவர் காலமான பிறகு ஃபேமிலி பென்ஷனும், முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்கான இலவச வைத்தியத் திட்டமான ஈசிஎச்எஸ் கார்டும் எனக்கு வந்தன. டாக்டர், மாத்திரை, மிலிட்டரி கேன்டீன் எல்லாமே எங்களுக்கு வேலூர்தான். வருஷக்கணக்காக அந்த ரோட்டில் போய்வருகிறேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15-ல் பெண்களுக்குப் பஸ் இலவசமாக்கிய ஸ்த்ரீ சக்தி திட்டம் வந்தது. இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் பயன்படுத்துகிறவர்கள் எல்லையோரத்தில்தான் இருப்பார்கள். நான் அப்படி ஒருத்தி.

இந்த இலவசம் எனக்கு மாசாமாசம் மருந்து தவறாமல் கிடைக்க வழி செய்திருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இது பட்டாளத்துக்காரர் குடும்பம் என்பதற்காகக் கிடைத்ததில்லை, பெண் என்பதால் கிடைத்தது. பனியிலும் பாலைவனத்திலும் காவல் நின்றுவிட்டு வந்த ஆண்கள் அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு நிறையச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். சித்தூரிலிருந்து வேலூருக்கு நேர் பஸ் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் காட்பாடி, அப்புறம் வேலூர். ஆனால் அது மாநிலம் தாண்டுகிற வண்டி. ஸ்த்ரீ சக்தி அதற்குச் செல்லாது. விடியல் பயணம் என்கிற தமிழ்நாட்டு இலவசமும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸோடு சரி. எனக்கு அறுபது தாண்டிவிட்டதால், வருவது ஆந்திரா வண்டியாக இருந்தால் கட்டணத்தில் கால் பங்கு குறையும். தமிழ்நாட்டு வண்டியாக இருந்தால் முழு டிக்கெட்.

காசில்லாமல் போகவேண்டுமென்றால் பயணத்தைத் துண்டு போடவேண்டும். பல்லெ வெலுகு என்கிற ஆந்திராவின் கிராமத்துப் பஸ்ஸில் எல்லையோர நரஹரிபேட்டை வரை போய் இறங்கி, செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுக் கிறிஸ்டியான்பேட்டைப் பக்கம் போய் டவுன் பஸ் பிடிக்கவேண்டும். வெயில் ஏறாவிட்டால் நடப்பேன். முழங்கால் ஒத்துழைக்காத நாளில் ஷேர் ஆட்டோ. மாங்காய் சீசனில் இந்த ரோடு பெரும்பாடு. ஜூன், ஜூலையில் ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர்கள் கிளிமூக்கு மாங்காயோடு வரிசை கட்டி நிற்கும். பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆந்திரா பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "ஆதார் சூபிஞ்சம்மா" என்பார், ஆதாரைக் காட்டும்மா என்று. ஆந்திரா விலாசம் போட்ட அடையாள அட்டை இருந்தால்தான் காசில்லாத ஜீரோ டிக்கெட். காட்பாடியில் இருக்கிற என் தங்கை எங்கள் ஊருக்கு வரும்போது அவள் எல்லை தாண்டியதும் டிக்கெட் எடுத்தாகவேண்டும். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் நீ எந்த ஊர், எந்த மாநிலம் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பெண் ஏறினால் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். எங்களைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

மருந்துக்கு ஏன் இத்தனை நடை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஈசிஎச்எஸ் 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். முன்னாள் ராணுவத்தினரும் அவர்களைச் சார்ந்தவர்களும் கையிலிருந்து பணம் கட்டாமல் வைத்தியம் பார்க்கலாம். உண்மையிலேயே நல்ல திட்டம். என் வீட்டுக்காரரின் கடைசிக் காலத்தில் எங்களைக் கடன்காரர்களாக்காமல் காப்பாற்றியது அதுதான். ஆனால் அது நடக்கிற முறை இப்படி: முதலில் ஈசிஎச்எஸ்ஸின் சொந்த ஆஸ்பத்திரியான பாலிகிளினிக் போகவேண்டும். அங்கே டாக்டர் பார்த்து, பெரிய வைத்தியம் தேவை என்றால் ரெஃபரல் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளோடு அங்கீகரித்த மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொள்ள மறுபடி பாலிகிளினிக். இதெல்லாம் ஒரே நாளில் முடியாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு எனக்கு மாதம் ஒரு நடை எப்படியும் உண்டு. கண், பல், எலும்பு என்று வந்துவிட்டால் அது மூன்று, நான்கு நடையாகிவிடும்.

வைத்தியம் இலவசம், அந்த வைத்தியத்துக்குப் போகிற வழி காசு. சிப்பாய் ரேங்கில் வந்தவர்களின் விதவைகள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சாதாரண ஃபேமிலி பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கு. பழைய காலத்தில் வந்தவர்களுக்கு அது என்ன தொகையாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் பேரப்பிள்ளை ஃபீஸும் போகும், வீட்டுச் செலவும் போகும். பஸ்ஸுக்கு என்று தனியாக எடுத்து வைக்க மனசு வராது. எங்கள் தெருவிலேயே ஒரு பெரியம்மா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்பார். இப்போது அவர் என்னோடு வருகிறார். பாலிகிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்து டோக்கனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவேண்டாம் என்றானதால் வந்த மாற்றம் அது. வேறு எதுவும் மாறவில்லை. அதே கார்டு, அதே பென்ஷன்தான்.

இனி எங்கள் பக்கத்து வீட்டு ஹவில்தார் அண்ணன். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், என் வீட்டுக்காரருக்கு ஜூனியர். பனிமலைப் போஸ்ட்டில் இருந்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பென்ஷன் வந்தபோது நாற்பதைச் சுற்றித்தான் வயது. வெளியே இருப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பட்டாளத்தில் ரிட்டயர் ஆவது அறுபதில் இல்லை. சிப்பாய்க்கு 15 வருஷம் முடித்தால் பென்ஷன் தகுதி வந்துவிடும். முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் படித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணன் ஒரு ஃபேக்டரியில் நைட் செக்யூரிட்டியாகப் போகிறார். இன்னும் அறுபது ஆகவில்லை என்பதால் முதியோர் சலுகை இல்லை. பெண் இல்லை என்பதால் இரண்டு மாநில இலவசமும் இல்லை. முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டையைக் காட்டி எங்கள் வழியில் எந்தப் பஸ்ஸிலும் அவருக்கு டிக்கெட் குறைந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து போகிற நாட்களில் அவர் நேர் பஸ்ஸில் ஏற மாட்டார். என்னோடு துண்டு துண்டாக வருவார், துணைக்காக. ஒவ்வொரு பஸ்ஸிலும் அவர் மட்டும் பாக்கெட்டில் கை விடுவார். திரும்பும்போது கேன்டீன் சாமான் இரண்டு பை இருக்கும். எண்ணெய், சோப்பு, துவரம்பருப்பு, சர்க்கரை. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்காலோடு படியேறுவதைப் பார்க்க எனக்குத்தான் மனசு தாங்காது.

இலவசப் பயணம் கொடுக்கிற வழக்கம் நம் நாட்டில் புதிதில்லை. சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்குப் பஸ் பாஸ் உண்டு. பரம் வீர் சக்ரா முதல் சௌர்ய சக்ரா வரை வீர விருது பெற்றவர்களுக்கு ரயிலில் துணை ஒருவரோடு இலவசம், அவர்கள் காலத்துக்குப் பின் மனைவிக்கும் அது உண்டு. அது சரியான மரியாதை. ஆனால் விருது வாங்காமல், சண்டையில் சாகாமல், சர்வீஸை ஒழுங்காக முடித்து வீட்டுக்கு வந்தவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். சாதாரண நாயக் ரேங்க், சாதாரண பென்ஷன். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ரயிலில் முதியோர் சலுகை. பெண்களுக்கு 58 வயதில் பாதிக் கட்டணம், ஆண்களுக்கு 60-ல் 40 சதவீதம் குறைவு. 2020 மார்ச்சில் நிறுத்தியது இன்னும் திரும்பவில்லை. திருப்பதி–காட்பாடி பாசஞ்சர் எங்கள் பக்கம் பொம்மசமுத்திரம், ராமாபுரம் வழியாகத்தான் போகிறது. ரயிலுக்கு மாநில எல்லை கிடையாது, யாரும் இறங்கி நடக்கவேண்டியதில்லை, கட்டணமும் குறைவு. நேரம்தான் பாலிகிளினிக் நேரத்தோடு ஒத்துவருவதில்லை.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று அண்ணனின் மகன் தேடிச் சொன்னான். லண்டனில் முன்னாள் படைவீரர்களுக்குத் தனிப் போட்டோ கார்டு இருக்கிறது. பஸ், மெட்ரோ எல்லாம் இலவசம். ஆனால் எல்லாருக்கும் இல்லை. சர்வீஸில் அடிபட்டு அதற்கான பென்ஷனோ இழப்பீடோ தொடர்ந்து வாங்குகிறவர்களுக்கும், அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கும்தான். அமெரிக்காவில் மயாமி பக்கம் உள்ள கார்டு வருமானம் குறைந்த முன்னாள் வீரர்களுக்கு. கனடாவின் ஒட்டாவாவில் நவம்பர் நினைவு நாளை ஒட்டி இலவசமாக ஏற்றிக்கொள்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது மயாமிக்காரர்கள் செய்வது. வருஷத்தில் சில நாள் மரியாதை செய்வது நல்லதுதான், ஆனால் மாத்திரை மாசாமாசம் வேண்டும். அடிபட்டதற்குச் சான்று கேட்பதும் எங்கள் ஊருக்குச் சரிப்படாது. முழங்கால் தேய்ந்ததற்கு யார் சான்று கொடுப்பார்கள்?

குறைகளையும் சொல்லவேண்டும். ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் தள்ளிப்போய் நிறுத்துகிறார்கள், சிலர் நிறுத்துவதே இல்லை. வயதானவர்கள் ஓடிப்போய் ஏறவேண்டியிருக்கிறது. சாயங்காலம் திரும்பும்போது எல்லைக்கு வந்து சேர்ந்தால் அந்தப் பக்கத்துப் பஸ் போயிருக்கும். இருட்டில் செக்போஸ்ட் லாரிகளுக்கு நடுவே நிற்பது பெண்களுக்கு நன்றாக இல்லை. அப்படிப்பட்ட நாளில் நான் காசு கொடுத்து நேர் பஸ்ஸில்தான் வருவேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். ஜீரோ டிக்கெட்டை இறங்கும் வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், செக்கிங் வந்தால் கேட்பார்கள். ஆதார் அசல் கையில் இருக்கட்டும், போனில் இருக்கிற போட்டோவை நம்பிப் போகாதீர்கள். ரெஃபரல் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், மழையில் நனைந்தால் முழு நடையும் வீண்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு மாநில வண்டிகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் எல்லை தாண்டி ஓடுகின்றன. எந்த ரூட்டில் எத்தனை வண்டி என்று பேசி முடிவு செய்கிற இடத்திலேயே, ஈசிஎச்எஸ் கார்டு வைத்திருக்கிற ஆளுக்கும் அவர் துணைக்கு வருகிற ஒருவருக்கும் பாலிகிளினிக் இருக்கிற ஊர் வரை டிக்கெட் இல்லை என்று ஒரு வரி சேர்க்கலாம். புதிதாக பாஸ் அடிக்கவேண்டாம், புதிதாக ஆபீஸ் திறக்கவேண்டாம். கார்டில் போட்டோ இருக்கிறது, நம்பர் இருக்கிறது. ஊர் சுற்றுவதற்குக் கேட்கவில்லை, அந்த ஒரு வழிக்குத்தான் கேட்கிறோம். குடியாத்தம், கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தமிழ்நாட்டுக்குள் இதே வசதி வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2022-ல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையன்கள் நான்கு வருஷத்தில் திரும்பப் போகிறார்கள். கால்வாசிப் பேரைத்தான் தொடர வைப்பார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, ஈசிஎச்எஸ்ஸும் கிடையாது. எங்கள் மண்டலத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். கார்டை மட்டும் வைத்துச் சலுகை எழுதினால் அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். நான் கேட்பது மருந்துக்குப் போகிற வழிக்கு என்பதால் கார்டு என்றேன். அந்தப் பையன்களுக்கு வேலை தேடி அலைகிற காலத்துக்காவது தனியாக ஏதாவது யோசிக்கவேண்டும்.

மனு எழுதியாகிவிட்டது. தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. தெலுங்கு மனுவை ஹவில்தார் அண்ணனின் மகன் எழுதினான், தமிழை நான் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதினாள். சித்தூர் கலெக்டர் ஆபீஸிலும் வேலூர் கலெக்டர் ஆபீஸிலும் குறை கேட்பது திங்கட்கிழமைதான். அதனால் அண்ணன் சித்தூருக்குப் போகிறார், நானும் தெருக்கோடிப் பெரியம்மாவும் வேலூருக்குப் போகிறோம். கார்டு ஜெராக்ஸும் ரெஃபரல் நகலும் இணைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்து மிலிட்டரிக் குடும்பங்கள் கையெழுத்துப் போடவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வாருங்கள்.