பழைய போஸ்ட்பெய்டு பாக்கிக்கு வசூல் அழைப்பு வந்தால் 1915 எவ்வளவு தூரம் உதவும்?

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பழைய கைபேசிப் பாக்கியைச் சொல்லி மிரட்டும் வசூல் முகவரின் வாயை அது அடைக்காது, ஆனால் அந்த முகவரை ஏவிய கம்பெனியிடமிருந்து எழுத்தில் ஒரு பதிலை வாங்கித் தர அதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எங்கள் குடும்பத்துக்கு வந்த தொல்லை, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லையோரத்துக்கே உரியது. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புரியும்: தென்னந்தோப்பின் கிழக்கு வேலியோரம் நின்றால் கைபேசி தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், திண்ணைக்கு வந்தால் கேரள டவருக்குத் திரும்பும். இன்று அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2014-ல் அது காசு விவகாரம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2013 ஜூலை 1 முதல் நிர்ணயித்திருந்த உச்சவரம்பின்படி, ரோமிங்கில், அதாவது வேறு மாநில டவரில், இருக்கும்போது உள்வரும் அழைப்புக்கே நிமிடத்துக்கு 75 காசு வரை வாங்கலாம். அது 45 காசாகக் குறைந்தது 2015 மே 1-ல்தான். கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்து போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருந்த என் மச்சானுக்கு, தோப்பை விட்டு எங்கும் போகாத மாதத்திலும் ரோமிங் கட்டணம் ஏறி வந்தது. அவர் அதை மறுத்து எழுதி, ரோமிங் போக மீதித் தொகையைக் கட்டிவிட்டு, இணைப்பையும் முடித்துக்கொண்டார். இணைப்பு வாங்கும்போது கட்டிய காப்புத்தொகை 500 ரூபாய், முடித்த 60 நாளுக்குள் திரும்ப வந்திருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. அது வரவில்லை.

பத்தாண்டு கழித்து ஒரு வசூல் முகமையிலிருந்து அழைப்பு வந்தது. "சார், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டுனீங்கன்னா பாதி தள்ளுபடி. நாளைக்கு ஃபைல் கோர்ட்டுக்குப் போயிரும், அப்புறம் எங்க கையில இல்ல" என்று பேசிய பெண்ணின் தமிழ் கோயம்புத்தூர்த் தமிழ். எந்த மாதத்துப் பில், எந்த எண் என்று கேட்டால் பதில் இல்லை. "உங்களுக்கே தெரியும் சார்" என்றார். பின்னர் வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே சிவப்பில் தராசு முத்திரை. கீழே வக்கீலின் கையெழுத்தும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. வீட்டுப் பெயர் தவறு. தொகை மட்டும் தாமதக் கட்டணத்தோடு மூன்று மடங்காகியிருந்தது. சேவை என்ற அளவில் அந்த முகமைக்கு மதிப்பெண் தருவதானால், கணக்கையே காட்டாமல் கடனைக் கேட்பவருக்குச் சுழியம்தான் தர முடியும்.

காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லி முகவரை அடக்கிவிடலாம் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் விதித்தது. கைபேசிக் கம்பெனியின் பாக்கிக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இங்கே பயன்படுவது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். இத்தகைய பாக்கிக்கு மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் கெடு முடிந்தால் கேட்கத் தடையில்லை, நீதிமன்றத்தில் வாங்கத்தான் வழியில்லை. முகவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பாதித் தள்ளுபடியோடு சேர்த்து ஒரு "செட்டில்மென்ட் கடித"த்தையும் நீட்டுகிறார்கள். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கிவிடும். முடிந்த பிறகும், தந்துவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி அது செல்லுபடியாகும். செத்துப்போன கடனுக்கு உயிர் கொடுக்கும் அந்தத் தாளை எங்கள் மச்சான் தொடவேயில்லை.

கம்பெனியின் சொந்தப் புகார் ஏற்பாட்டை முதலில் முயன்று பார்த்தோம். ட்ராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி கம்பெனியின் புகார் மையம் புகார் எண் தர வேண்டும். தீர்வில் திருப்தியில்லையென்றால் 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நடப்பு இணைப்பு வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி. ஆனால் முடித்துக்கொண்ட எண்ணைச் சொன்னால் கணினி "இப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை" என்கிறது. பாக்கி கேட்கும்போது மட்டும் இருக்கிற வாடிக்கையாளர், புகார் சொல்லும்போது எப்படி இல்லாமல் போகிறார் என்பதை அந்தக் கம்பெனிதான் விளக்க வேண்டும். ட்ராயிடம் நேரே எழுதலாமே என்றார் பக்கத்துத் தோப்புக்காரர். ட்ராய் தனிநபர் புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை.

அதன் பிறகுதான் 1915. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, தேசிய விடுமுறைகள் நீங்கலாக இயங்குகிறது. 17 மொழிகளில் தமிழும் உண்டு. கேரளத்தில் குடியிருந்து தமிழில் பேசுபவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. பேசியவர் பொறுமையாகக் கேட்டார். பழைய எண், பில் மாதம், மறுத்து எழுதிய கடிதத்தின் தேதி, முகவர் அழைத்த எண் ஆகியவற்றை வரிசையாகக் குறித்துக்கொண்டார். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. உதவி எண்ணோடு இணைந்திருக்கும் கம்பெனிகளுக்குப் புகார் நேரடியாகப் போய்விடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். மறுத்து எழுதிய கடிதத்தின் நகலையும் கடைசி ரசீதையும் இணையதளத்தில் ஏற்றும் வேலையைக் கொழிஞ்சாம்பாறையில் ஓர் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) செய்து தந்தார்கள். இந்தத் தாள்கள் இல்லாதவருக்கு 1915 எவ்வளவு பயன்படும் என்பது சந்தேகமே.

குறை என்று சொன்னால், அது வடிவமைப்பிலேயே இருப்பது. 1915 வழக்குக்கு முந்தைய சமரச ஏற்பாடு. கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கில்லை. கம்பெனி வழவழவென்று பதில் எழுதினாலும் அதோடு அங்கே கதை முடிந்துவிடும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கைபேசிச் சேவை வழக்குகளை ஆணையங்கள் விசாரிக்கலாமா என்று 2009 முதல் நிலவிய குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்த்து, விசாரிக்கலாம் என்றது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்கு நாம் கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. முகவர் கோயம்புத்தூரிலிருந்து பேசினாலும் பெங்களூரிலிருந்து பேசினாலும் நமக்குப் பாலக்காடு போதும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக் கெடு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பதறிப் போய் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு. ஆனால் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அதற்கு மேல்முறையீடு இல்லை. அழைப்பவர் கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் ஏதோ ஒரு யுபிஐ எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால் அது வசூலே அல்ல, மோசடி. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைத் தெரிவிக்கும் பகுதியான சக்ஷுவில் பதிந்துவிடலாம், பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930.

எங்களுக்கு வந்த பதிலில், "நல்லெண்ண அடிப்படையில்" நிலுவை நீக்கப்பட்டதாகக் கம்பெனி எழுதியிருந்தது. ரோமிங் கட்டணம் தவறு என்று ஓரிடத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நிலுவை இல்லை என்ற வரி அதில் இருக்கிறது, அது போதும்: அடுத்து வேறொரு முகமையிலிருந்து அழைத்தவரிடம் மச்சான் அந்தப் பதிலின் தேதியையும் புகார் எண்ணையும் படித்துக் காட்டியதும், "சரிங்க சார், அப்டேட் பண்ணிடறோம்" என்று வைத்துவிட்டார். காப்புத்தொகை 500 ரூபாயைப் பற்றி மட்டும் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குத் தனிப் புகார் பதிந்திருக்கிறோம்.