டிவிடி ரைட்டர் வாங்கப் போகிறீர்களா? என் 14,000 ரூபாய் போன கதையை வாசித்துவிட்டுப் போங்கள்

யாழ்ப்பாணத்தில் இன்னும் டிவிடி ரைட்டர் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்ரூடியோக்காரர், வீட்டிலிருந்து வீடியோ எடிட் செய்பவர்கள், பழைய கசெற்றை டிஸ்க்கில் மாற்றிக் கொடுப்பவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, ஆகவே முன்பின்னாகத்தான் வரும். போன காசு 14,000 ரூபாய். ரைட்டருக்கு 9,500, ஐம்பது டிஸ்க் அடங்கிய பெட்டிக்கு 4,500. ஒரே கடை, ஒரே பில்.

கடையின் பெயரைப் போடவில்லை. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஒடுங்கிய படியேறி மேலே போக வேண்டும், கொம்பியூட்டர் விற்பதும் திருத்துவதும் அங்கே. இப்படியான கடைகள் பட்டினத்துக்குள் நிறைய உண்டு, எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை.

என் தொழில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ. இப்போது பெரும்பாலும் லிங்க் அனுப்பினாலே போதும். ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பெரிய ஆட்களுக்கு டிஸ்க்தான் வேண்டும். மேலே பொம்பிளை மாப்பிள்ளை படம் அச்சடித்து, பெட்டியில் போட்டு, கையில் எடுத்து ஆருக்கும் காட்டக்கூடிய ஒன்று. பென்டிரைவ் கொடுத்தால் அதை ரீவியில் எங்கே குத்துவது என்று அங்கிருந்து போன் எடுப்பார்கள். என் பழைய ரைட்டர் பழுதாகிப் போனதும், கையில் ஒரு கலியாண ஓடர் இருந்த அவசரத்தில்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

ரைட்டருக்குப் பெட்டி இல்லை. குமிழ் வைத்த பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தது. "மொத்தமா வாற சாமான் அண்ணை, அதாலைதான் பெட்டியில்லை. புதுசு" என்றான் பெடியன். சரி, அப்படி வருவது உண்டுதான். "எழுதிக் காட்டுங்கோ, பார்த்துட்டு எடுக்கிறன்" என்றேன். முகம் சுளிக்கவில்லை. உடனே கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னான், ரைட்டரைத் தன் மெசினில் கொழுவினான், ஒரு வெறும் டிஸ்க்கை உள்ளே தள்ளினான், வேகம் பார்க்கிற புரோகிராமைத் திறந்தான்.

இங்கேதான் நான் ஏமாற்றப்பட்டேன், அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிவிடியில் 1 எக்ஸ் என்றால் வினாடிக்கு 1,385 கிலோபைட். 16 எக்ஸ் என்றால் கிட்டத்தட்ட 22 மெகாபைட். ஆனால் 16 எக்ஸ் ரைட்டர் தொடக்கத்திலிருந்தே அந்த வேகத்தில் எழுதாது. டிஸ்க் ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகிறது, எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. வெளிவட்டத்துக்குச் சுற்றளவு கூட, ஆகவே அங்கே போகப் போக வேகம் ஏறும். நல்ல ரைட்டர் ஆறரை எக்ஸ் அளவில் தொடங்கி விளிம்பில் 16ஐத் தொடும். முழு டிஸ்க்கும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தக் கடையின் திரையில் நான் பார்த்தது அதேதான். வேகத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு இடப்பக்கம் ஆறரையில் தொடங்கி, ஒரு இடத்திலும் சறுக்காமல், வடிவாக வளைந்து ஏறி 16இல் போய் நின்றது. ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. தொழில் தெரிந்தவன் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாத கோடு.

"பாத்தீங்களே அண்ணை? பதினாறு அடிக்குது. இதைவிட என்ன வேணும்?"

பிறகு எந்த ஊர் என்று கேட்டான். இணுவில் என்றேன். "அட, என்ர மனிசியும் இணுவில்தான். உங்களுக்குப் பிழையான சாமான் தருவனே?" பிளேன்ரீ வந்தது. எழுதிக் காட்டிய அந்த டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, "இதையும் கொண்டு போங்கோ, சும்மா" என்று தந்தான். காசை எண்ணிக் கொடுத்தேன். 14,000.

வீட்டுக்கு வந்து கலியாண டிஸ்க்குகளை எழுதத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. வேகம் எட்டு வரைக்கும் ஏறும், பிறகு நாலுக்கு விழும், அப்படியே இழுத்துக்கொண்டு போகும். கடைக்கு அடித்துக் கேட்டேன். "புது ரைட்டர் எல்லே, முதல் கொஞ்ச நாள் அப்பிடித்தான். ஓட ஓடச் சரிவரும்" என்றான். லேசர் என்ன புது மோட்டார் சைக்கிளா, ஓட ஓட இளக? ஆனால் எழுதி முடித்தபின் புரோகிராம் செய்கிற சரிபார்ப்பில் எல்லாமே சரி என்றுதான் வந்தது. கொடுத்துவிட்டேன், ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து பொம்பிளையின் சித்தப்பா அழைத்தார். "தம்பி, பொன்னுருக்கல் வடிவா ஓடுது. கூறை குடுக்கிற இடத்திலை அப்பிடியே நிண்டிடுது. தாலி கட்டுறதைக் காணேல்லை." வேறு வீடுகளிலும் அதே கதை. எல்லாருக்கும் முன்பாதி ஓடுகிறது, பின்பாதி கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது.

இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற என் நண்பரிடம் லைட்-ஒன் கம்பனியின் பழைய ரைட்டர் ஒன்று இருக்கிறது. பிழைக் கணக்கு எடுத்துத் தரக்கூடியது (எல்லா ரைட்டரும் தராது, உள்ளே இருக்கிற சிப்பைப் பொறுத்தது). பிழையை அளந்து படமாகக் காட்டுகிற நீரோ டிஸ்க்ஸ்பீட் என்ற புரோகிராமில் போட்டுப் பார்த்தோம். டிவிடி எப்போதுமே கொஞ்சம் பிழையோடுதான் எழுதப்படும், அதைத் திருத்திப் படிக்கிற வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிழை எவ்வளவு என்பதுதான் கேள்வி. பி.ஐ. பிழை என்று சொல்கிற முதற்கட்டப் பிழை, அடுத்தடுத்த எட்டு பிளொக்குகளில் (டிஸ்க்கில் தரவு எழுதப்படுகிற துண்டுகளில்) மொத்தமாக 280ஐத் தாண்டக்கூடாது என்பது தரநிலை. முதல் கட்டத்தில் திருத்த முடியாமல் மிஞ்சுகிற பி.ஐ.எஃப். ஒரு பிளொக்கில் 4ஐத் தாண்டக்கூடாது. என் டிஸ்க்கில் முதல் ஒரு ஜீபி வரை எல்லாம் அடக்கமாகத்தான் இருந்தது. அதன்பிறகு பி.ஐ. பிழையைக் காட்டுகிற நீலநிறம் மேலே எழும்பி ஆயிரத்தைத் தாண்டிப் போனது. கீழே பி.ஐ.எஃப். கட்டமே நிரம்பிவிட்டது. தரம் என்ற இடத்தில் பூச்சியம்.

எழுதிய ரைட்டரே திரும்ப வாசிக்கும்போது தட்டுத்தடுமாறி வாசித்து முடித்துவிடும். ரொறன்ரோவில் ஆரோ ஒருவர் வீட்டு பிளேயருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சரிபார்ப்பில் சரி வந்து அங்கே நின்றதன் காரணம் அதுதான்.

பழி ரைட்டரிலா டிஸ்க்கிலா என்று நண்பர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அவரிடம் இருந்த நல்ல டிஸ்க்கை என் ரைட்டரில் எழுதினால் மோசம். என் பெட்டி டிஸ்க்கை அவருடைய ரைட்டரில் எழுதினால் அதுவும் மோசம், கொஞ்சம் குறைவான மோசம். அவருடைய டிஸ்க், அவருடைய ரைட்டர் என்றால் எல்லாம் எல்லைக்குள். ஆக இரண்டுமே பிழையான சாமான். டிஸ்க்கின் உள்ளே உற்பத்தி செய்தவரின் குறியீடு ஒன்று பதிந்திருக்கும், டிஸ்க் எழுதுகிற இம்ஜ்பர்ன் என்ற புரோகிராமைத் திறந்தால் காட்டும். பெட்டியில் அச்சடித்திருந்த பெயருக்கும் அந்தக் குறியீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்படியென்றால் கடையில் அந்தக் கோடு எப்படி அவ்வளவு வடிவாக ஏறியது? அவன் "சும்மா" தந்த டிஸ்க்கை நண்பர் கையில் எடுத்தார். பின்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். எழுதின டிஸ்க்கில் எழுதின பகுதி நிறம் கொஞ்சம் மாறி, வட்டமாகத் தெரியும். இதில் உள்ளேயிருந்து விளிம்பு வரை ஒரே ஊதா. ரைட்டரில் போட்டதும் "வெற்று டிஸ்க்" என்று வந்தது. ஒரு எழுத்துக்கூட அதில் எழுதப்படவில்லை.

டிஸ்க் எழுதுகிற (எரிக்கிற என்றும் சொல்வோம்) புரோகிராம்களில் சிமுலேஷன், டெஸ்ட் மோட் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் எழுதுகிற எல்லா வேலையும் நடக்கும், லேசர் மட்டும் எரிக்கிற பலத்துக்குப் போகாது. டிஸ்க் சுற்றும், கோடு ஏறும், நேரம் ஓடும். லேசர் எவ்வளவு தேய்ந்து போயிருந்தாலும் அதில் தெரியாது, லேசருக்கு அங்கே வேலையே இல்லையே! எழுதுகிற டிவிடியில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை உண்டு. அந்தத் தெரிவு டிவிடி மைனஸ் ஆர் டிஸ்க்கில்தான் வேலை செய்யும், பிளஸ் ஆரில் செய்யாது. எனக்கு விற்ற பெட்டி பிளஸ் ஆர். எனக்கு எழுதிக் காட்டியது மைனஸ் ஆர். தற்செயல் என்று நம்பச் சொல்கிறீர்களா?

ரைட்டரைத் திருப்பிப் பார்த்தோம். மேலே ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரின் மூலை கொஞ்சம் கிளம்பியிருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினால் அடியில் இன்னொரு லேபிள், தயாரித்த ஆண்டு 2011. பக்கத்தில் இருக்கிற ஸ்குரூத் துளைகளைச் சுற்றி, வேறு ஏதோ மெசினில் பூட்டிக் கழற்றிய கீறல்கள். "புதுசு அண்ணை"யாம்.

கடைக்குப் போனேன். முதலில் டிஸ்க் பிழை என்றான். அந்த டிஸ்க்கும் நீதானே தந்தாய் என்றேன். அப்போது பவர் சப்ளை காணாது என்றான். பிறகு விண்டோஸ். பிறகு, முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார், பின்னேரம் வாங்கோ. பின்னேரம் போனால் நாளைக்கு வாங்கோ. பிழைக் கணக்கின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் ஒருநாள் முதலாளியே இருந்தார். வெறுமையான அந்த டிஸ்க்கையும் 2011 லேபிளையும் மேசையில் வைத்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்கள், இனி வாரண்டி இல்லை" என்றார். அதோடு ஒரு சிரிப்பு. "இப்ப ஆர் அண்ணை டிவிடி பாவிக்கினம்?"

இந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஆரும் பாவிக்கவில்லை என்றால் 9,500 ரூபாய்க்கு ஏன் விற்கிறாய்? உண்மைதான், உலகம் டிஸ்க்கை விட்டுக்கொண்டிருக்கிறது. 2025 பெப்ரவரியில் சோனி பதிவு செய்கிற புளூ-ரே டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. புதிய சாமான் அருகி வருகிற இந்த நேரம் பார்த்துத்தான் பழையதைத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, புதுசு என்று தள்ளுகிறார்கள். தேவை இருக்கிறவன் வேறு எங்கே போவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

கலியாண வீட்டாருக்கு நண்பரின் ரைட்டரில் திரும்ப எழுதி, திரும்ப அனுப்பினேன். அந்தச் செலவை 14,000இல் சேர்க்கவில்லை. நல்ல மனிதர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்பது வேறு கதை.

ரைட்டரை எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமாகச் சிலதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரன் தருகிற டிஸ்க்கில் எழுதிப் பார்க்காதீர்கள், நல்லது என்று உங்களுக்குத் தெரிந்த டிஸ்க்கை நீங்களே கொண்டு போங்கள், பிளஸ் ஆர் என்றால் இன்னும் நல்லது. டெஸ்ட் மோட் போட்டிருக்கிறதா என்று திரையைப் பாருங்கள். விளிம்பு வரை முழுவதும் எழுத விடுங்கள், பாதியில் "காணும் அண்ணை" என்று நிறுத்தினால் காசை எடுக்காதீர்கள், கோளாறு இருப்பது வெளிவட்டத்தில்தான். எழுதி முடித்ததும் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அதை வேறு மெசினில் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கிற வேகக்கோடு கடைசியில் பல்லுப் பல்லாக விழுந்தால் வேண்டாம். ஸ்குரூத் துளைகளைப் பாருங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள், அதில் மொடலும் சீரியல் இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன், பில்லின் பிரதி கேட்டிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் 14,000 ரூபாய்க்கு அந்தக் கடை எழுதித் தந்தது இவ்வளவுதான்: "டிவிடி – 1, டிஸ்க் – 1." திகதிகூட இல்லை.