நாயகிக்கு முதல் வகை நீரிழிவா, முடக்குவாதமா?

சேலத்தையும் ஏற்காட்டையும் களமாக வைத்துக் காதல் நகைச்சுவை நாவல் எழுத முனைவோர், நாயகியின் நாள்பட்ட நோயாக, தினமும் இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நீரிழிவைத் தருவதா, மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதத்தைத் தருவதா என்று தயங்குகிறார்கள்.

காட்சி: நீரிழிவு கதையை உடனே நகர்த்தும். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது சர்க்கரை இறங்கிக் கை நடுங்க, பக்கத்து இருக்கைக்காரனின் பழச்சாற்றை அவள் உரிமையோடு வாங்கிக் குடித்தால் அறிமுகமும் சிரிப்பும் ஒன்றாக அமையும். முடக்குவாதம் மெதுவானது. காலையில் விரல்கள் விறைத்திருக்க, ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து தரும்படி அவனிடம் நீட்டுவதா வேண்டாமா என்று அவள் தயங்கும் கணம் காதலுக்கு மிக நெருக்கமானது.

களம்: சேலத்து மே வெயிலில் இன்சுலினைக் காக்கும் பாடு முன்னதற்குப் பொருந்தும், பலருக்கு மூட்டுவலியைக் கூட்டும் மலைக்குளிர் பின்னதற்கு.

முடிவு: இரண்டுமே வாழ்நாள் முழுதும் தொடர்பவை என்பதால், திருமணத்தோடு நோயைக் குணமாக்குவது அதே நோயுடன் நாவலைப் படிப்பவளுக்குச் செய்யும் துரோகம். நகைச்சுவையும் அவள் வாயிலிருந்து வரவேண்டும், அவள் வலியிலிருந்து அல்ல.

பரபரப்பான சந்திப்புகளை நம்பும் கதைக்கு நீரிழிவும், பேச்சிலும் பழக்கத்திலும் கனியும் கதைக்கு முடக்குவாதமும் ஏற்றவை. இளம்பெண்ணின் மூட்டுவலியை ஊரார் நம்ப மறுக்கும் அவலம் நம்மிடையே உள்ளதால், நான் பின்னதையே பரிந்துரைக்கிறேன்.