வெள்ளி அம்புக்குக் காசு கொடுக்கலாம், நஞ்சுக்கு வேண்டாம்

டைஸ் உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டான டங்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸின் 5ஆம் பதிப்பில் (2014 விதிகள்) மொன்ஸ்டர் வேட்டைக்காரர் வேடம் எடுத்தவர் கையில் முந்நூறு பொன் சேர்ந்தால் போதும், வெள்ளி, நஞ்சு, மந்திரம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி அம்பறாத்தூணியை நிரப்பப் பார்ப்பார். அதில் பாதிக் காசு வீண். வாங்குவதற்கு முன் எதிரே வரப்போவது எது என்று தெரிய வேண்டும். அதன் குறிப்பில் இம்யூனிட்டி (அடியே ஏறாது), ரெசிஸ்டன்ஸ் (அடி பாதியாகும்) என்று வரும் இரண்டு வரிகள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

திருகோணமலை மேசை ஒன்றில் டிஎம் (கதையை நடத்துபவர்) இப்படித் தொடங்குகிறார் என்று வைப்போம்: பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் கிழிபட்டுக் கிடக்கின்றன, அதுவும் போயா (முழுநிலவு) இரவுகளில் மட்டும். ஓநாய் மனிதன் என்று ஊகிக்க இதற்கு மேல் துப்பு வேண்டாம். கணக்குக்கு 5ஆம் லெவல் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்) ஒருவரை எடுப்போம்: லோங்போ (நெடுவில்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +4, ஆர்ச்சரி ஸ்டைல் (வில் பயிற்சி). இருபதுமுக டைஸ் எறிவுக்கு +9, அடி 1டி8+4 (எட்டுமுக டைஸ் ஒன்று, கூட 4), சராசரி 8.5.

வெள்ளி அம்பு. பத்து அம்புக்கு வெள்ளி பூச 100 பொன். சாதாரண அம்பு இருபதே ஒரு பொன்தான் என்பதால் விலை கண்ணை உறுத்தும். ஆனால் ஓநாய் மனிதனுக்குச் சாதாரண அம்பின் அடி பூச்சியம், அரைவாசிகூட இல்லை. அதற்கு 58 ஹிட் பொயின்ட் (உயிர்ப் புள்ளி), ஓநாய் உருவில் ஏசி 12 (அம்பு பட எறிவில் எட்ட வேண்டிய எண்). நம்முடைய ரேஞ்சருக்கு டைஸில் 3 விழுந்தாலே அம்பு படும். ஏழு அம்பு பட்டால் ஆள் சரி, அதற்கு எட்டு அம்பு விட வேண்டும். அதாவது ஒரு கட்டு வெள்ளி அம்பு ஒரு ஓநாய் மனிதனுக்கு மட்டுமட்டாகக் காணும். இரண்டு வந்தால் இரண்டு கட்டு. சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் விட்டதில் பாதி திரும்பக் கிடைக்கும் என்ற விதி வெள்ளி அம்புக்கும் பொருந்தும். அதைச் சொல்லிக் கேளுங்கள், டிஎம்மாக ஞாபகம் வைத்துத் தரமாட்டார்.

வெள்ளி வேலை செய்யும் இன்னொரு கூட்டம் டெவில்கள் (நரகத்துப் பேய்கள்). டீமன்கள் வேறு இனம், அவற்றுக்கு வெள்ளி வெறும் அலங்காரம். வம்பயருக்கும் (இரத்தக் காட்டேரி) அப்படியே: அதன் ரெசிஸ்டன்ஸ் வரியில் வெள்ளிக்கு விலக்கு இல்லை, மந்திர ஆயுதம்தான் வேண்டும். மரத்தாலான அம்பை நெஞ்சில் விட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களும் ஏமாறுவார்கள். வம்பயர் தன் படுக்கையிடத்தில், செயலற்றுக் கிடக்கும்போது மர ஆயுதத்தை நெஞ்சில் இறக்கினால்தான் விதி பலிக்கும், அப்போதும் அது அசைவற்றுப் போகும், அவ்வளவே. அங்கே 25 பொன் ஹோலி வோட்டர் (புனித நீர்) நல்ல முதலீடு. 2டி6 ரேடியன்ட் (ஒளி வகை) அடியோடு, அடுத்த தடவை வர வேண்டிய 20 பொயின்ட் ரீஜெனரேஷனையும் (தானாக ஆறுவதையும்) அது தடுக்கும். ஆனால் 20 அடிக்குள் நின்று எறிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. +1 என்ற மந்திர வில் ஒன்று கையில் வந்துவிட்டால் அதிலிருந்து போகும் எல்லா அம்பும் மந்திர அம்பாகவே கணக்கு. அதற்குப் பிறகு வெள்ளிக்குச் செலவழிப்பது காசைக் கடலில் போடுவது. ஆகவே கதையில் வில் கிடைக்கும் அறிகுறி இருந்தால் ஒரு கட்டோடு நிறுத்துங்கள்.

பேஸிக் பொய்சன் (சாதாரண நஞ்சு). பட்டியலில் மிக மோசமான சரக்கு இதுதான். ஒரு குப்பி 100 பொன், மூன்று அம்புக்குத்தான் பூசலாம். பூச ஒரு அக்ஷன் (உங்கள் முறையில் செய்யும் செயல்) போகும், ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். பட்டவர் கொன்ஸ்டிடியூஷன் சேவ் (உடல்வலுவால் தப்ப எறியும் டைஸ்) 10 எடுக்கத் தவறினால் 1டி4. ஓநாய் மனிதனுக்கு அந்த சேவில் +2 இருப்பதால் தவற வாய்ப்பு 35 வீதம். மூன்று அம்பும் பட்டாலும் சராசரியில் மூன்று பொயின்ட்கூடத் தேறாது. எலும்புக்கூடு, டெவில், கோலெம் (மந்திரத்தால் இயங்கும் உருவம்) எல்லாம் நஞ்சுக்கு முழு இம்யூன். அதே காசுக்குப் பத்து வெள்ளி அம்பு வருகிறது.

கவண். இதை ஏன் எவரும் வாங்குவதில்லை என்பது விளங்காத விஷயம். கவண் 1 வெள்ளிக்காசு, இருபது குண்டு 4 செப்புக்காசு. அடி 1டி4தான், ஆனால் நசுக்கும் வகை. எலும்புக்கூட்டுக்கு அந்த வகை அடி இரட்டிப்பு. நம்முடைய ரேஞ்சர் அடித்தால் 10, 12, 14, 16 இந்த நான்கில் ஒன்று விழும். எலும்புக்கூட்டின் ஹிட் பொயின்ட் 13, ஆகவே பட்ட அடியில் பாதி ஒரே அடியில் ஆளை விழுத்தும். 50 பொன் லோங்போவோ கிரிட்டிகல் (டைஸில் 20) இல்லாமல் 12க்கு மேல் போகாது. ஒரே அம்பில் ஒன்றுகூட விழாது. தூரம்தான் குறை: 30 அடிக்கு அப்பால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை எறிந்து குறைந்ததை எடுப்பது).

காயம் தானாக ஆறும் அரக்கனான ட்ரோலுக்குத் தீ அம்பு தேடுகிறவர்கள் விதியில் அப்படியொரு சாமானே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண அம்பால் விழுத்துங்கள். விழுந்ததும் கூட்டாளி ஒருவர் 1 செப்புக்காசுத் தீப்பந்தத்தால் ஒரு தட்டுத் தட்டட்டும். ஒரு பொயின்ட் நெருப்புப் பட்டாலே அதன் அடுத்த முறை ரீஜெனரேஷன் வேலை செய்யாது, அதோடு முடிந்தது.

அடமன்டைன் (மிகக் கடின உலோகம்) அம்பு பத்துக்கு 500 பொன். அது தேவைப்படும் கல் கோலெம், இரும்புக் கோலெம் வருகிற லெவலில் மந்திர வில் வந்திருக்கும், தேவையில்லை. வொலப்பிங் அம்மியூனிஷன் விலைக்கு மேல் பேசப்படும் சரக்கு. பட்டவர் ஸ்ட்ரெங்த் சேவ் 10 தவறினால் கவிழ்ந்து விழுவார். விழுந்தவருக்குத் தூரத்திலிருந்து விடும் அம்பெல்லாம் டிஸ்அட்வான்டேஜ், அதாவது உங்கள் அடுத்த அம்பை நீங்களே கெடுக்கிறீர்கள். பறப்பதை நிலத்தில் விழுத்த மட்டும் இரண்டொன்று வைத்திருக்கலாம்.

+1 அம்பு, ராக்ஷசா. நம்மூர் டிஎம்களுக்குத் திருகோணமலைப் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்ததும் ராக்ஷசாவை இறக்க ஆசை வரும். புத்தகத்தில் இருப்பது புலித்தலையும் புறங்கை திரும்பிய விரல்களும் கொண்ட ஒரு சாமான். தாயின் கடன் கழிக்கக் கன்னியாவில் ஏழு ஊற்றை உண்டாக்கியவன் என்று இராவணனைச் சொல்லும் ஊரில் இரண்டையும் ஒன்றாக்கினால் மேசையில் வேறு சண்டை வரும். அந்த மொன்ஸ்டரின் பெயரை மாற்றிவிடுங்கள். 110 ஹிட் பொயின்ட், மந்திரமற்ற ஆயுதத்துக்கு முழு இம்யூன், வெள்ளியும் எடுபடாது. ஆனால் நல்லவர் பக்கத்து அலைன்மென்ட் (குணச் சார்பு) உள்ளவர் மந்திர ஆயுதத்தால் குத்தினால் அடி இரட்டிப்பு. +1 அம்பு சராசரி 9.5, இரட்டித்தால் 19, ஆறு அம்பு போதும். சாதாரண வில்லில் வைத்த +1 அம்பை ‘மந்திர ஆயுதம்’ என்று ஏற்பாரா என்று டிஎம்மிடம் முன்கூட்டியே கேளுங்கள். +1 அம்பு பட்டால் மந்திரம் போய்விடும், தவறினால் போகாது, பொறுக்கி எடுங்கள்.

ஏரோ ஒஃப் ஸ்லேயிங் (கொல்லும் அம்பு) காசுக்கு வருவது அரிது. ஓர் இனத்துக்கென்றே செய்தது, சேவ் 17, தவறினால் கூடுதலாக 6டி10, எடுத்தால் அதில் பாதி. இதுவும் குறி தவறினால் வீணாவதில்லை. கூடுதல் அடி இறங்கிய பிறகுதான் வெறும் அம்பாகும்.

அம்புக் கணக்குக்குப் புளியங்கொட்டை நல்லது: சாதாரணத்துக்கு அப்படியே, வெள்ளிக்கு நகப்பூச்சு ஒரு பொட்டு, விட்டதை வேறு கிண்ணத்தில் போட்டால் பாதி எண்ணுவது சுலபம். தாளில் எழுதினால் கச்சான் காற்றுக்கு அது மேசையில் நிற்காது.

புத்தகம் எடுப்பிக்க முடியாத மேசைகளுக்கு, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்ட எஸ்ஆர்டி 5.1 (அடிப்படை விதித் தொகுப்பு) இலவசம், அடமன்டைன் அம்பும் வொலப்பிங்கும் தவிர மேலே சொன்ன எல்லாம் அதில் உண்டு. 2025இல் வந்த புதிய மொன்ஸ்டர் மனுவலை வைத்து விளையாடுகிறவர்கள் வெள்ளிக்கான 100 பொன்னைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கலாம். ஓநாய் மனிதனின் அந்த இம்யூனிட்டியை அதில் எடுத்துவிட்டார்கள், ஒரு பொன் கட்டு அம்பே போதும்.