விடுமுறை முடிந்து திரும்பும்போது மட்டக்களப்பு வாவி றால் (இறால்) கொண்டுபோக: ஐஸிலா, காயவைத்தா?

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயில் பல மணிநேரம் எடுக்கும். ஐஸ் என்றால் புறப்படும் நாளிலேயே றாலை வாங்குங்கள். தலையை உடனே கிள்ளிவிட வேண்டும், கறுப்பு அங்கிருந்துதான் பரவும். ஒரு கிலோ றாலுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ். ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டியின் அடியிலும் மேலேயும் ஐஸைப் பரப்புங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால் ருசி போய்விடும் என்பதால் றாலைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். குழம்புக்கு இதற்கு ஈடில்லை.

காயவைப்பதென்றால் கடைசி மூன்று நாளை ஒதுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் சில நிமிடம் அவித்து, வலைமேல் பரப்பி, பின்னேரம் பனி இறங்குமுன் எடுத்துவிடுங்கள். ஓகஸ்ட் வெயிலுக்குச் சரி. மார்கழி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். வாலை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னொரு நாள் வெயில் தேவை.