இரவில் கையுறை எங்கே காயும்? நாய்வண்டிப் பயணத்தில் குடில், அடுப்புக் கூடாரம், வெட்டவெளி

நாய்ச்சறுக்கு வண்டிப் பயணம் என்றாலே எல்லா விளம்பரங்களிலும் ஒரே படம்தான்: வெண்பனி, ஓடும் ஹஸ்கிகள், வானத்தில் பச்சை ஒளி. படத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் நிச்சயம். பகலில் ஏறக்குறைய எல்லாப் பயணமும் நன்றாகவே இருக்கும். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது இரவுதான். நனைந்த கையுறையும் பூட்ஸின் உள்ளுறையும் எங்கே காயப்போகின்றன என்று தெரிந்துகொண்டால், அந்தப் பயணம் எவ்வளவு வேலை வாங்கும், எத்தனை நாள் தாங்கும், யாருக்கு ஒத்துவரும் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

இங்கே மூன்று வகைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஸ்வீடனின் லாப்லாந்தில் குங்ஸ்லேடன் என்ற நெடுந்தூர மலைப்பாதையை ஒட்டிக் குடில் குடிலாகப் போவது. இரண்டு, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஈலி என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி, பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுக்குள் விறகடுப்பு வைத்த கூடாரத்தில் தங்குவது. மூன்று, அதே காட்டில் அடுப்பு இல்லாமல் தார்ப்பாய்க்கு அடியிலோ வெட்டவெளியிலோ உறங்குவது. லாட்ஜில் படுத்துக்கொண்டு பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவதும் உண்டு. குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அது நல்ல ஒத்திகை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

நாயும் வேறு, வேகமும் வேறு

லாப்லாந்தில் பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கிகள்தான். 20 முதல் 25 கிலோ எடை, மெல்லிய உடம்பு, நீண்ட கால். ஒரு பயணிக்கு ஒரு வண்டி, நான்கு முதல் ஆறு நாய்கள் என்பது அங்கே வழக்கம். சமதளத்தில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகும். ஒரு நாளில் 30, 40 கிலோமீட்டர் கடப்பது சாதாரணம்.

ஈலியில் அலாஸ்கன் ஹஸ்கி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் முகாம் பயணங்களுக்குப் பெயர்பெற்றவை கனடிய இனுயிட் நாய்கள். 30 முதல் 40 கிலோ எடை, அடர்ந்த இரட்டை மயிர், பாரம் இழுக்கவே வளர்ந்த இனம். 1986 மே 1 அன்று, வழியில் எந்தப் பொருளும் புதிதாகப் பெறாமல் நாய்வண்டிகளோடு வட துருவத்தை அடைந்த வில் ஸ்டீகர், பால் ஷுர்க் குழுவின் வேர் இந்த ஊர்தான். அந்தச் சுமைவண்டி மரபு இன்னும் இங்கே இருக்கிறது. வண்டியில் கூடாரம், அடுப்பு, நாய்த்தீனி எல்லாம் ஏறும். வேகம் மணிக்கு 6 முதல் 10 கிலோமீட்டர்தான். இரண்டு பேர் ஒரு வண்டியைப் பகிர்வார்கள், அல்லது பாதிப் பேர் ஸ்கீ போட்டுக்கொண்டு கூடவே வருவார்கள். ஆகவே 'நாள் முழுக்க நானே ஓட்ட வேண்டும்' என்ற ஆசை உள்ளவர் ஈலி முகாமைப் பதிவு செய்தால் பாதி நாள் ஸ்கீயில் கழியும். முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஓட்டும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஏமாற்றத்தைவிடக் காயம் அதிகம் நேர்வது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடுக்கயிற்றின் முன்னால் கட்டளை கேட்கும் முன்னோடி நாய்கள், வண்டியை ஒட்டிக் கடைசியில் வலுவான வீல் நாய்கள். வலது பக்கம் திரும்ப 'ஜீ', இடது பக்கம் 'ஹா', நிற்க 'வோ'. கட்டளை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னாலேயே நாய்கள் ஓடிவிடும். பிரேக் தெரியாமல் கிளம்பக் கூடாது. சறுக்குச்சட்டங்களுக்கு நடுவே தொங்கும் ரப்பர் பாயை ஒரு காலால் அழுத்தினால் வேகம் குறையும். இரும்பு நகங்கள் உள்ள பிரேக்கை இரு காலாலும் மிதித்தால் வண்டி நிற்கும். நின்ற பிறகு, வண்டியை நங்கூரம்போல் பிடித்துவைக்கும் பனிக்கொக்கியைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துப் புதைக்க வேண்டும். கையால் எறிந்த கொக்கி பிடிக்காது. புதைத்த கொக்கியும் பொடிப்பனியில் நழுவும் என்பதால், ஒரு காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமலே நிற்பது நல்லது.

இறக்கத்தில் பிரேக்கைத் தாமதித்தால் இழுகயிறு தளரும். தளர்ந்த கயிறு நாயின் காலில் சுற்றும், வண்டி வீல் நாய்களின் மேல் ஏறும். இறக்கம் தொடங்கும் முன்பே பாயில் கால் இருக்க வேண்டும், கயிறு எப்போதும் விறைப்பாக நிற்க வேண்டும். ஏற்றத்தில் ஒரு காலால் உந்தியோ இறங்கி ஓடியோ உதவ வேண்டும். வண்டி கவிழ்ந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது. விட்டால் ஆளில்லாத வண்டியோடு நாய்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடும், எதிலாவது சிக்கிக் காயப்படும். எல்லா வழிகாட்டிகளும் முதல் நாள் காலையில் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான்.

குடில் வழி: குங்ஸ்லேடன்

அபிஸ்கோவுக்கும் நிக்காலுவோக்தாவுக்கும் இடைப்பட்ட வடக்குப் பகுதி சுமார் 105 கிலோமீட்டர். வழியில் ஸ்வீடன் சுற்றுலாச் சங்கத்தின் குடில்கள் பெரும்பாலும் 12 முதல் 22 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. விறகடுப்பு, சமையலுக்கு கேஸ், அடுக்குக் கட்டில், அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கொடி ஆகியவை உண்டு. அலெஸ்யாவ்ரே போன்ற சில குடில்களில் சவுனா என்ற வெப்பக் குளியலறையும் உண்டு. தண்ணீரை ஏரியில் வெட்டிய துளையிலிருந்து வாளியில் சுமந்து வர வேண்டும். விறகு பிளப்பதும் தங்குபவர் வேலை.

அந்தக் கொடிதான் இந்த வகையின் மிகப் பெரிய பலம். தினமும் காலையில் காய்ந்த உள்ளுறையில் காலை நுழைப்பவரால் ஐந்து நாளும் உற்சாகமாக ஓட்ட முடியும். ஸ்லீப்பிங் பேக் கனமானதாக இருக்க வேண்டியதில்லை. கூடாரம் அடிக்கும் வேலை இல்லாததால் மாலை நேரம் முழுவதையும் நாய்களுக்குக் கொடுக்கலாம்.

பலவீனம் காற்று. பிர்ச் மரங்கள் முடிந்த பிறகு திறந்த மலைவெளிதான். பாதையின் உச்சமான சேக்த்யா கணவாய் சுமார் 1,140 மீட்டர் உயரம். புயல் வந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. குளிர்காலப் பாதையைக் கம்பங்களில் பொருத்திய சிவப்புப் பெருக்கல் குறிகள் காட்டுகின்றன. அடுத்த குறி கண்ணுக்குத் தெரியாத அளவு பனி பறந்தால் வழிகாட்டி கிளம்பமாட்டார். குடிலில் ஒரு நாள் முடங்குவது இங்கே இயல்பு. திரும்பும் ரயிலையோ விமானத்தையோ பயணம் முடியும் அன்றே பதிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். தனிமையும் குறைவு. ஸ்கீ பயணிகள், பனிமோட்டார் வண்டிகள், குடில் காப்பாளர் என யாராவது கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அடுப்புக் கூடாரம்: பவுண்டரி வாட்டர்ஸ்

மோட்டார் சத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு இதற்கு இணை இல்லை. பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட இந்த ஏரிக்காட்டின் மிகப் பெரும் பகுதியில் பனிமோட்டார் வண்டிகளுக்குத் தடை. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் போக முடியாது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அனுமதிச் சீட்டை நாமே நிரப்பிக்கொள்ளலாம், கோடைக்கால ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடு அப்போது இல்லை. உறைந்த ஏரிகள்தான் நெடுஞ்சாலை. ஒரு ஏரிக்கும் அடுத்ததற்கும் நடுவே குறுகலான காட்டுவழி. வண்டி மரத்தில் மோதுவது பெரும்பாலும் இந்தக் குறுகலில்தான்.

கான்வாஸ் கூடாரமும் தகர அடுப்பும் புகைக்குழாயும் சேர்ந்து 30 கிலோ அளவுக்கு வரும். சுமைநாய்கள் தேவைப்படுவது இதனால்தான். அடிக்கும் முறையில் அவசரம் கூடாது. முதலில் ஸ்கீயாலோ பனிக்காலணியாலோ தரையை மிதித்து அரை மணி நேரம் விட்டால் பனி இறுகும். அதற்கு முன் கூடாரம் அடித்தால் இரவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பள்ளம். அடுப்பின் கீழே தடித்த மரத்துண்டுகளைக் கிடத்த வேண்டும், இல்லையென்றால் பனி உருகி அடுப்பு சாயும், குழாய் கழன்றுவிடும். விறகுக்குத் தரையில் கிடக்கும் பட்ட மரம் மட்டுமே, அதுவும் முகாமிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அறுப்பதற்கும் பிளப்பதற்கும் இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும்.

அடுப்பு எரியும்போது உள்ளே சட்டையோடு உட்காரலாம், கூரைக்கயிற்றில் கையுறைகள் காயும். ஆனால் பலரும் தவறாகக் கணக்குப் போடும் இடம் ஒன்று உண்டு. மெல்லிய தகர அடுப்பில் போட்ட விறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தூங்கும்போது யாரும் விழித்திராமல் தீயை எரியவிடுவதில்லை என்பது பல வழிகாட்டிகளின் கண்டிப்பு. தீ விபத்தும் கார்பன் மோனாக்சைடும்தான் காரணம். விடியற்காலையில் கூடாரத்துக்குள்ளும் வெளிக்குளிரேதான். அருகிலுள்ள டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது, இன்றுவரை மினசோட்டாவின் சாதனை அதுதான். அவ்வளவு குளிர் அரிது, மைனஸ் 30 அரிதல்ல. ஆகவே அடுப்பு இருக்கிறதே என்று லேசான ஸ்லீப்பிங் பேக் எடுக்கக் கூடாது. அடுப்பு காயவைப்பதற்கு, ஸ்லீப்பிங் பேக் உறங்குவதற்கு.

வெட்டவெளி

இதில் சுமை குறைவு, முகாம் வேகமாக அமையும், நட்சத்திரங்களைப் பார்த்தபடியே உறங்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை ஈரம். உடம்பிலிருந்து இரவு முழுக்க வெளியேறும் ஆவி ஸ்லீப்பிங் பேக்கின் வெளி அடுக்கில் உறையும். பகலில் காய வழியில்லை. இரண்டாம் இரவு தெரியாது, நான்காம் இரவு பேக் கனத்துப்போய் அதன் உப்பல் குறைந்திருக்கும். ஆவி புகாத உள்ளுறையைப் போட்டுக்கொண்டு உறங்கினால் பேக் தப்பிக்கும், உடம்பு மட்டும் சற்றுப் பிசுபிசுக்கும். கீழே இரண்டு மெத்தை வேண்டும்: தரையில் ஈரம் ஊறாத கெட்டி ஃபோம், அதன்மேல் காற்றடைத்தது. காற்றடைத்தது மட்டும் இருந்து ஓட்டை விழுந்தால் அந்த இரவு ஆபத்தானது. பூட்ஸ் உள்ளுறை, மறுநாளைக்கான கையுறை, பேட்டரி எல்லாம் பேக்குக்குள் நம்மோடுதான் படுக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடி உறையாது, ஏனென்றால் உறைவது மேலிருந்துதான் தொடங்கும்.

பனியைக் குவித்துக் குடைந்து வீடு கட்டுவதும் சில பயணங்களில் உண்டு. குவித்தபின் இரண்டு மணி நேரமாவது இறுக விட வேண்டும். 30 சென்டிமீட்டர் நீளக் குச்சிகளை வெளியிலிருந்து குத்திவைத்து, உள்ளே குடையும்போது குச்சிமுனை தெரிந்தால் நிறுத்த வேண்டும். குடைபவர் வியர்வையில் நனைவார், அதனால் மேலுடையைக் கழற்றிவிட்டே இறங்க வேண்டும்.

மூன்று இரவுக்கு மேல் வெட்டவெளியில் தங்கும் திட்டம் அனுபவமில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல. குளிரைத் தாங்கமாட்டார்கள் என்பதல்ல, ஈரத்தைக் கையாளும் பழக்கம் மூன்று நாளில் வருவதில்லை.

தண்ணீர், உணவு, கால்

மூன்று வகையிலும் நாய்களுக்கே முதல் பந்தி. குளிரில் நாய்கள் வெறும் தண்ணீரைப் போதுமான அளவு குடிப்பதில்லை. இறைச்சியோ கொழுப்போ கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுத்தால் நக்கித் தீர்த்துவிடும். நாய்க்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால் ஆறு நாய்களுக்குப் பன்னிரண்டு லிட்டர். ஏரியில் துளை போட்டால் வேலை சுலபம். பனியை உருக்கினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று முதல் பத்து லிட்டர் பனி பிடிக்கும், அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றாமல் உருக்கினால் பாத்திரம் தீயும். பியூட்டேன் கேஸ் உறைநிலைக்குக் கீழே ஆவியாவதில்லை என்பதால் வெளிமுகாமில் வெள்ளை பெட்ரோல் (முகாம் அடுப்புக்கான சுத்திகரித்த திரவ எரிபொருள்) அடுப்புதான் நம்பகமானது. மனிதர்களுக்கும் நாளைக்கு 4,000 கலோரிக்குக் குறையக் கூடாது. வெண்ணெய், சீஸ், கொட்டைகள் எல்லாம் இங்கே எரிபொருள்.

ஏரிப்பாதையில் கவனம் வேண்டியது, பனிப்போர்வைக்கு அடியில் பனிக்கட்டியின் மேல் தேங்கும் தண்ணீர். ஓவர்ஃப்ளோ என்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது, மிதித்தால் கணுக்கால் வரை சேறுபோல் இருக்கும். வறண்ட கடுங்குளிரில் தோலும் கம்பளியுமான மக்லக் காலணியை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் அது ஊறிவிடும். ரப்பர் அடியும் கழற்றக்கூடிய ஃபெல்ட் உள்ளுறையும் கொண்ட பூட்ஸ் தண்ணீரைத் தடுக்கும், வியர்வையையும் உள்ளேயே பிடித்துவைக்கும். உள்ளுறை ஆளுக்கு இரண்டு ஜோடி இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். நடந்து போக 10 சென்டிமீட்டர் தெளிந்த பனிக்கட்டி போதும் என்பது பொதுக் கணக்கு. நீரோட்டம் உள்ள குறுகலிலும் ஓடை வாயிலும் அந்தக் கணக்கை நம்பக் கூடாது.

எது, எப்போது

முதல் பயணம், தனி வண்டி ஓட்ட ஆசை, ஒரு வார விடுமுறை: குங்ஸ்லேடன், மார்ச் பின்பகுதி. குடில்கள் பிப்ரவரி பின்பகுதி முதல் ஏப்ரல் கடைசி வரை திறந்திருக்கும், மார்ச் பின்பகுதியில் பன்னிரண்டு மணி நேரப் பகல் கிடைக்கும். முகாம் வேலையையும் சேர்த்துக் கற்க விரும்புபவருக்கு ஈலியின் அடுப்புக் கூடாரம் சிறந்த பள்ளி, பிப்ரவரி பின்பகுதி நல்ல காலம். வெட்டவெளியில் உறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அடுப்புக் கூடாரப் பயணத்தில் ஓர் இரவை வெளியே கழிக்க வழிகாட்டியிடம் கேட்கலாம். பல வழிகாட்டிகள் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள், மறுநாள் ஈரத்தைக் காயவைக்க அடுப்பும் பக்கத்தில் இருக்கும்.

மார்ச் கடைசிக்குப் பிறகு வெயில் கூடினால் துன்பப்படுவது நாய்கள்தான். மைனஸ் 10 முதல் மைனஸ் 25 வரை அவற்றுக்கு இன்பம், பூஜ்யத்தை நெருங்கினால் உடம்பு சூடேறித் தள்ளாடும். அப்படிப்பட்ட நாட்களில் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். கொடுக்கப்போகும் ஸ்லீப்பிங் பேக்கின் குறியீட்டையும் கேளுங்கள்: அதில் அச்சிட்ட எண்களில் வசதி வெப்பநிலையைத்தான் பார்க்க வேண்டும், 'எக்ஸ்ட்ரீம்' என்ற எண் உயிர் பிழைப்பதற்கான எல்லை மட்டுமே. கையுறை, குடில் பயணத்துக்கு இரண்டு ஜோடி, அடுப்புக் கூடாரத்துக்கு மூன்று, வெட்டவெளிக்கு நான்கு.