நைட் டூட்டி முடிவதற்குள் சான்றிதழ்: எங்கள் மருத்துவமனையில் மூடில்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி, எல்லாப் பணியாளர்களுக்கும் வேலையில் சேரும்போது ஒரு பயிற்சி, அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறையாவது கொடுத்தாக வேண்டும். இரத்தத்தில் நனைந்த பஞ்சு மஞ்சள் பையில், டியூபும் கையுறையும் சிவப்பில் என்று சொல்லித்தர அரை மணி நேரம் போதும். யார் வந்தார்கள், யார் நைட் டூட்டியால் விட்டுப்போனார்கள் என்று பார்ப்பதற்குள்தான் வாரமே ஓடிவிடும். கையெழுத்துப் பதிவேடு, அதைப் பார்த்து எக்ஸெல், அதைப் பார்த்துச் சான்றிதழ். ஓர் இனிஷியல் தப்பினால் திரும்ப அச்சடிக்க வேண்டும்.

ஒன்றரை ஆண்டாக மூடில் வைத்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தைச் சேர்ந்த மார்ட்டின் டுகியாமஸ் 2002-ல் வெளியிட்ட, இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்துவதற்கான மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு சர்வர் செலவும் நிறுவும் கூலியும்தான். பாடத்தில் சேர்வதற்கான கடவுச்சொல்லை வார்டு இன்சார்ஜ்களிடம் கொடுத்துவிட்டேன். செவிலியர்கள் தாங்களே சேர்ந்து, பாடம் பார்த்து, தேர்வு எழுதுகிறார்கள். 80 மதிப்பெண் எடுத்தால்தான் சான்றிதழ் திறக்கும்படி வைத்திருக்கிறேன். சான்றிதழுக்கு மட்டும் ஒரு செருகுநிரலை (ப்ளகின், கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) தனியாகச் சேர்த்தோம். ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் அறிக்கையை அங்கேயே எடுத்துக் காட்டிவிடலாம்.

நிறுவிக் கொடுத்தவர்கள் மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றை நேரத்துக்குத் தானாகச் செய்யும் 'கிரான்' என்ற பின்னணி வேலையை ஓடவிடாமல் போய்விட்டார்கள். இரண்டு வாரம் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல்கூடப் போகவில்லை. எல்லாரையும் போனில்தான் கூப்பிட்டேன். நீங்கள் நிறுவினால் அன்றைக்கே இதைச் சோதித்துப் பாருங்கள். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) செய்முறை வகுப்பில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கலாம். காத்திருப்போர் பட்டியல் மூடிலோடு வருவதில்லை, அதை இன்னும் நோட்டில் எழுதுகிறேன்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் இது பெரிய உதவி. முன்பெல்லாம் பழைய சான்றிதழ் கேட்டு என் அறை வாசலில் நிற்பார்கள். நான் பீரோவில் கோப்பைத் தேடுவேன். லீவில் இருந்தால் அவர்கள் மறுநாளும் வர வேண்டும். போன மாதம் குவைத்துக்குக் கிளம்பிய ஒரு பெண் வந்தாள். சாவியை எடுக்கப் போனேன். "வேண்டாம் மேடம், ராத்திரி ரெண்டு மணிக்கு டூட்டி ரூம்லயே எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள்.